ஏற்கெனவே பிடித்த ஒன்று

"இதை நான் வாங்கினா, அங்கே இன்னொண்ணைப் பிடிப்பாங்களா தம்பி?" என்று கடைக்கு வந்த அண்ணன் ஒருவர் கேட்டார். "வாங்கினாத்தான் அண்ணே பிடிப்பாங்க" என்றேன். சிங்கப்பூரில் வளர்ப்புக் கடல்மீன் கடையில் சம்பளம் வாங்குகிறவன் சொல்கிற பதிலா இது என்று முதலாளி இன்னமும் கேட்கிறார்.

பேச்சு வண்டர்பஸ் பற்றியது. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பக்கம் ஆழமில்லாத மணல்தரையில் வாழும் ஆக்டோபஸ். அறிவியல் பெயர் கிடைத்ததே 2006-ல்தான். வெள்ளைப் புள்ளிகளும் பட்டைகளும் ஒவ்வொன்றுக்கும் வேறு மாதிரி இருக்கும். படத்தை வைத்தே ஆளை அடையாளம் சொல்லலாம். எங்களுக்கு வருவது கடலில் பிடித்ததுதான். ஓடு உள்ள சொந்தக்கார இனமான நாட்டிலஸ் 2017 முதல், அருகிவரும் உயிர்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆக்டோபஸ் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை.

அண்ணன் விவரமானவர். அவர் வீட்டுத் தொட்டியில் கனமாக மணல், இறுக்கமான மூடி, பம்பு வாயில் ஸ்பாஞ்சு. ஆக்டோபஸுக்கு விஷமான செம்பு கலந்த மருந்து ஒரு சொட்டு அந்தத் தண்ணீரில் விழுந்ததில்லை. கையில் வருவது வளர்ந்த உருப்படி என்றால் மிச்ச ஆயுள் சில மாதம்தான் என்பதும் தெரியும். எங்கள் தொட்டிக் கண்ணாடி அருகே குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். மணலுக்கு மேலே காம்பில் நின்ற இரண்டு கண்களும் அவரைப் பார்த்தன. வாங்காமல் போய்விட்டார்.

அது எங்கள் தொட்டியிலேயே கிடந்தது. விடியலிலும் அந்தியிலும் வெளியே வருகிற பிராணிக்கு நாள் முழுக்க விளக்கு, பிள்ளைகள் தட்டுகிற கண்ணாடி, முழுசாகப் புதைய முடியாத அளவு குறைந்த மணல். நண்டைத் தொடவில்லை. கை நுனிகள் வெளுத்தன. அப்புறம் செத்துப்போனது. வயதா, எங்கள் தொட்டியா, சொல்ல முடியவில்லை.

நான் சொன்னது உண்மைதானே? விற்காத சரக்கை யாரும் மறுபடி கேட்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கணக்கு இனிமேல் பிடிபடப்போவதற்குத்தான் உதவும். கண் முன்னால் இருந்ததற்கு அல்ல. "இதை ஏற்கெனவே பிடிச்சாச்சு, நீங்களே எடுத்துக்குங்க" என்றிருக்கலாம். சரி, கடையில் இருப்பது எல்லாமே ஏற்கெனவே பிடித்ததுதான். அந்த ஒரு வாக்கியத்தை வைத்து எதையும் விற்றுவிடலாம். பவளப்பாறை மீன்களை விற்கும்போது நான் இப்படி வாய் திறப்பதும் இல்லை. அவை என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதாலா? அது நியாயம் மாதிரித் தெரியவில்லை.

போன வாரம் அண்ணன் போன் செய்தார். செத்துவிட்டது என்றேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அடுத்தது வந்தா சொல்லுங்க தம்பி" என்றார். அடுத்த சரக்குப் பட்டியலைப் பற்றி முதலாளி கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மீறி வரவழைத்தாரானால் அண்ணனைத்தான் முதலில் கூப்பிடுவேன்.