செவ்வாய்ல நின்ன கம்ப்யூட்டரும் ஆஃப்ல கிடந்த ஒரு ஆப்ஷனும்

ரியல் டைம் சிஸ்டம்ஸ்ல (குறிச்ச நேரத்துக்குள்ள வேலைய முடிச்சே ஆகவேண்டிய கம்ப்யூட்டர்கள்) வேலை பாக்குறவங்க யாரைக் கேட்டாலும் நாசாவோட மார்ஸ் பாத்ஃபைண்டர் விண்கலத்தோட கதைய சொல்லுவாங்க. 1997 ஜூலை 4 செவ்வாய்ல ஏர்பேக் கட்டிக்கிட்டு குதிச்சு குதிச்சு இறங்குச்சு, சோஜர்னர்னு குட்டி ரோவர் ஒண்ணு வெளிய வந்துச்சு, உலகமே கொண்டாடுச்சு. கொஞ்ச நாள்ல, இறங்கி நின்ன லேண்டரோட கம்ப்யூட்டர் தானா ரீசெட் ஆக ஆரம்பிச்சுது. ஏற்கனவே சேத்து வச்ச டேட்டா போகல, ஆனா அன்னைக்கு பாக்கி இருக்குற வேலை எல்லாம் மறுநாளைக்குத் தள்ளிப்போகும். கம்ப்யூட்டர் ஒரே நேரத்துல நிறைய வேலை செய்யப் பாத்துச்சுன்னு பத்திரிகைல எழுதுனாங்க, அதுல பாதி கூட உண்மை இல்ல.

உள்ள நடந்தது இதுதான். 20 மெகாஹெர்ட்ஸ் ஆர்ஏடி6000 ப்ராசஸர், மேல வின்ட் ரிவர் கம்பெனியோட விஎக்ஸ்வொர்க்ஸ்ங்கிற ஓஎஸ். கருவிகளையெல்லாம் இணைக்கிற 1553ங்கிற பஸ் (டேட்டா போற பொது வழி) செகண்டுக்கு 8 சுத்து ஓடும். ஒவ்வொரு சுத்துலயும் பஸ்ஸுக்கு அட்டவணை போடுற டாஸ்க் (தனியா ஓடுற ஒரு வேலை) ஒண்ணு, வந்த டேட்டாவ பிரிச்சுக் குடுக்குற டாஸ்க் இன்னொண்ணு, ரெண்டுமே ப்ரையாரிட்டில (யாருக்கு முதல்ல சிபியுங்கிற வரிசையில) உச்சியில. அடியில வானிலைக் கருவியோட டாஸ்க், அவசரமே இல்லாதது. இந்த கடைசி டாஸ்க் டேட்டா வாங்குற பைப்புக்குள்ள (டாஸ்க்குகளுக்கு நடுவுல டேட்டா போற குழாய் மாதிரி) ஒரு மியூடெக்ஸ் இருந்துச்சு, அதாவது ஒரு நேரத்துல ஒரு டாஸ்க் மட்டும் பிடிச்சுக்கக்கூடிய லாக், அதை பிடிச்சிருக்குற நேரம் பாத்து நடுத்தர ப்ரையாரிட்டி டாஸ்க் எல்லாம் உள்ள புகுந்து சிபியுவ எடுத்துக்கிச்சு, பிரிச்சுக் குடுக்குற டாஸ்க் அதே மியூடெக்ஸுக்காக நின்னுச்சு, அடுத்த சுத்து ஆரம்பிக்கும்போது அட்டவணை டாஸ்க் எந்திரிச்சு பாத்தா போன சுத்து வேலையே முடியல, ஏதோ பெருசா கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணி ரீசெட் அடிச்சுது. அப்படித்தான் அதை எழுதியும் வச்சிருந்தாங்க.

இதுக்குப் பேரு ப்ரையாரிட்டி இன்வெர்ஷன். கல்யாண மண்டபத்துல ஸ்டோர் ரூம் சாவி ஒரு சின்னப் பையன்கிட்ட இருக்கு, சமையல் மாஸ்டர் எண்ணெய்க்கு காத்துக்கிட்டு நிக்கிறாரு, ஆனா வர்ற போற சித்தப்பா மாமா எல்லாம் "டேய் தம்பி, அந்த சேரை எடுத்துப் போடு"ன்னு பையன வேலை வாங்கிக்கிட்டே இருக்காங்க. பந்தி நின்னுபோகும். மாஸ்டர் காத்திருக்குற வரைக்கும் பையனுக்கும் மாஸ்டரோட மரியாதைதான், சாவிய குடுத்து முடிக்கிற வரைக்கும் எவனும் அவனை கூப்பிடக்கூடாதுன்னு ஒரு ரூல் போட்டா தீர்ந்துது. அந்த ரூல்தான் ப்ரையாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ்.

இப்ப எனக்கு சுவாரசியமான இடத்துக்கு வர்றேன். இந்தப் பிரச்சினை 1980லயே லாம்ப்சனும் ரெடெலும் ஜெராக்ஸோட மெசாங்கிற ப்ரோக்ராமிங் மொழி அனுபவத்த எழுதுன கட்டுரைல இருக்கு. 1990ல லூயி ஷா, ராஜ்குமார், லெஹோக்ஸ்கி மூணு பேரும் ஐஇஇஇ ஜர்னல்ல இன்ஹெரிட்டன்ஸ் ப்ரோட்டோகால கணக்கோட நிரூபிச்சு போட்டுட்டாங்க (ராஜ்குமார் நம்ம மெட்ராஸ் யூனிவர்சிட்டி பி.இ., அப்புறம் கார்னகி மெலன் போனவரு). விஎக்ஸ்வொர்க்ஸ்லயும் அது இருந்துச்சு! மியூடெக்ஸ் உருவாக்கும்போது ஒரு ஆப்ஷன ஆன் பண்ணா போதும். அந்த பைப்புக்குள்ள இருந்த மியூடெக்ஸுக்கு அது ஆஃப். அதுவும் ஜேபிஎல் (பாத்ஃபைண்டர செஞ்ச நாசா ஆய்வுக்கூடம்) ஆளுங்க கையால உருவாக்குனது இல்ல, அவங்க கூப்பிட்ட லைப்ரரி (ரெடிமேடா கிடைக்கிற கோட்) உள்ளுக்குள்ள தானா உருவாக்கிக்கிட்டது. இன்ஹெரிட்டன்ஸ் போட்டா கொஞ்சம் நேரம் கூடுதலா செலவாகும், அதனால லைப்ரரி எழுதுறவங்க ஆஃப்ல வைக்கிறதுலயும் நியாயம் இருக்கு. ஆக ஆராய்ச்சி பண்ணவங்க அவங்க வேலைய முடிச்சாங்க, ஓஎஸ் கம்பெனி அதை ப்ராடக்ட்ல கொண்டு வந்தாங்க, ஜேபிஎல் நல்ல ஓஎஸ்தான் வாங்குனாங்க, ஆனாலும் தீர்வு செவ்வாய் வரைக்கும் ஆஃப்லயே போய்ச் சேந்துது. "இண்டஸ்ட்ரி பேப்பர் படிக்கிறதில்ல", "ப்ரொஃபசர்களுக்கு நடைமுறை தெரியாது"ன்னு ரெண்டு பக்கமும் வழக்கமா சொல்ற புலம்பல் ரெண்டுமே இங்க பொருந்தல பாருங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி தெரியலையான்னு கேப்பீங்க. இறங்குறதுக்கு முன்னாடியே இந்த ரீசெட்ட பாத்திருக்காங்க, திரும்ப வரவைக்க முடியல. அலட்சியம் இல்ல, இறங்குற அந்த சில நிமிஷத்துக்கான சாஃப்ட்வேர்தான் உயிர், கவனம் அங்க போச்சு. மேல போனப்புறம் எதிர்பாத்ததவிட நல்லா டேட்டா அனுப்ப முடிஞ்சுதாம், அதனால வேலை கூடி நெரிசலும் கூடிருச்சு. ஒரு தடவை வந்து மறுபடி வராத ரீசெட்ட "ஹார்ட்வேர் க்ளிட்ச்"னு டிக்கெட்ல எழுதி மூடுறத எத்தனை ஆபீஸ்ல பாத்திருக்கேன். ஜேபிஎல்ல அப்படி மூடலைங்கிறதுக்காகவே தலைவணங்கலாம்.

கண்டுபிடிச்ச விதம்தான் என்னைப் பொறுத்தவரைக்கும் இந்தக் கதையோட ஹீரோ. எந்த டாஸ்க் எப்ப ஓடுச்சு, எந்த லாக்க எப்ப எடுத்துச்சுன்னு பதிவு பண்ற ட்ரேஸ் வசதிய, பறக்குற சாஃப்ட்வேர்லயே விட்டு வச்சிருந்தாங்க, ஏன்னா டெஸ்ட் பண்ணதத்தான் பறக்க விடணும்ங்கிறது அவங்க கொள்கை. பூமியில இருந்த அதே மாதிரி செட்டப்புல ட்ரேஸ ஆன் பண்ணி ஓட்டுனாங்க, 18 மணி நேரத்துக்குள்ள ரீசெட் வந்துருச்சு. ட்ரேஸ பாத்தா இன்வெர்ஷன் பளிச்சுனு தெரியுது. அப்புறம் அந்த ஆப்ஷன ஆன் பண்ணா வேற என்னெல்லாம் மாறும்னு வின்ட் ரிவர்கிட்ட பேசி, டெஸ்ட் பண்ணி, மாறுன பைட்டுகள மட்டும் மேல அனுப்பி சரிபண்ணாங்க. ரிலீஸுக்கு முன்னாடி இந்த மாதிரி பதிவு வசதி எல்லாத்தையும் உருவி எடுத்துடுற நம்ம ஊரு வழக்கத்த நினைச்சா எனக்கு வயிறு எரியுது.

1997 டிசம்பர்ல ரியல் டைம் சிஸ்டம்ஸ் சிம்போசியத்துல வின்ட் ரிவரோட டேவிட் வில்னர் இதைப் பேசுனாரு. மைக்ரோசாஃப்ட்ல இருந்த மைக் ஜோன்ஸ் அதைக் கேட்டு எழுதுன மெயில் உலகம் பூரா சுத்துச்சு. அப்புறம் ஜேபிஎல்ல அந்த சாஃப்ட்வேர் டீமுக்கு தலைவரா இருந்த க்ளென் ரீவ்ஸ் "சில விஷயம் தப்பா இருக்கு"ன்னு நீளமா பதில் எழுதுனாரு. படிக்கிறதா இருந்தா ரீவ்ஸ் எழுதுனதத்தான் படிங்க, மெயில்ல இருக்குறது கொஞ்சம் மசாலா சேத்தது.

இதோட சண்டை முடிஞ்சுதான்னா இல்ல. இன்ஹெரிட்டன்ஸே தப்பான மருந்து, லாக்க பகிர்ந்துக்காம டிசைன் பண்ணுங்கன்னு ரியல் டைம் லினக்ஸ் ஒண்ண உருவாக்குன விக்டர் யோடைகன் எதிர்த்து பேப்பரே போட்டாரு. லினக்ஸ்ல இதுக்கான ஃப்யூடெக்ஸ் (கெர்னல் குடுக்குற லாக் வசதி) 2006ல 2.6.18 பதிப்புல தான் வந்துச்சு, ரியல் டைம் பேட்ச் மொத்தமும் மெயின் கெர்னல்ல சேர 2024 ஆகிப்போச்சு. எனக்கு யோடைகன் சொல்றதுல பாதி சரின்னு படுது, ஆனா லைப்ரரிக்குள்ள ஒளிஞ்சிருக்குற லாக்க நீங்க எப்படிங்க டிசைன்ல தவிர்ப்பீங்க?

இன்னைக்கும் போசிக்ஸ் த்ரெட்ஸ்ல (யூனிக்ஸ் மாதிரி ஓஎஸ்களுக்கான பொது விதிமுறை) மியூடெக்ஸ சும்மா உருவாக்குனா இன்ஹெரிட்டன்ஸ் கிடையாது, ப்ரோட்டோகால நீங்களா கேட்டு வாங்கணும். ஃப்ரீஆர்டோஸ்ங்கிற ஓஎஸ்ல மியூடெக்ஸ் எடுத்தா இருக்கு, அதே வேலைக்கு பயன்படுத்தக்கூடிய பைனரி செமஃபோர் எடுத்தா இல்ல, ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்குறதால கோட் ரிவ்யூல நான் முதல்ல தேடுறது இதைத்தான்.