ஹீட்சிங்க் சுடவில்லை, ஐசி மட்டும் ஏன் அணைகிறது?

ஆம்ப்ளிஃபயர் சூடாகி நின்றுபோகிறது என்று யாராவது சொன்னால் ஹீட்சிங்க் (ஐசியின் சூட்டை வாங்கி வெளியேற்றும் அலுமினியத் துண்டு) எவ்வளவு பெரியது என்று நான் கேட்பதில்லை. அது நிற்கும் நேரத்தில் சிங்கைத் தொட்டால் சுடுகிறதா என்றுதான் கேட்பேன். கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் சரி, சிங்க் போதவில்லை, பெரியது வாங்க வேண்டியதுதான். ஆனால் சிங்க் லேசான வெதுவெதுப்பில் இருக்கும்போதே ஐசி, அதாவது ஆம்ப்ளிஃபயர் சிப், வாயை மூடிக்கொள்கிறது என்றால் சூடு சிங்குக்கு வந்தே சேரவில்லை என்று அர்த்தம். ஐசியின் முதுகுக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் எங்கேயோ அது சிக்கி நிற்கிறது. பெங்களூர் எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போய் கிலோ கணக்கில் அலுமினியம் வாங்கி வந்தாலும் இது தீராது.

அல்சூரில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன் எல்எம்3886 என்ற ஆம்ப்ளிஃபயர் ஐசி இரண்டு போட்டு ஸ்டீரியோ செட் கட்டியிருந்தான். ±28 வோல்ட், 4 ஓம் ஸ்பீக்கர். வால்யூமை ஏற்றினால் கொஞ்ச நேரத்தில் பாட்டு விட்டு விட்டுக் கேட்கிறது. "அண்ணா, இதைவிடப் பெரிய சிங்க் எங்க கிடைக்கும்?" என்று போட்டோ அனுப்பினான். அந்த சிங்கில் நாலு ஐசியை மாட்டி ஓட்டலாம். கோளாறு சிங்கில் இல்லை, ஐசிக்குக் கீழே இருந்த மின்சாரத்தைத் தடுக்க வைத்திருந்த தடிமனான சிலிகான் ரப்பர் ஷீட்டிலும், அதை ஒற்றை ஸ்க்ரூவில் இறுக்கியிருந்த விதத்திலும்தான் இருந்தது.

கணக்குப் போட்டால் புரியும். ஏபி கிளாஸ் ஆம்ப்ளிஃபயரில் (இந்த ஐசிகள் எல்லாம் அந்த வகைதான்) ஒரு சேனல் அதிகபட்சமாக எவ்வளவு சூடாக வீணடிக்கும் என்பதற்கு ஒரு எளிய வழி உண்டு. மைனஸில் இருந்து பிளஸ் வரை மொத்த வோல்டேஜை வர்க்கமாக்கி, ஸ்பீக்கர் ஓமின் 20 மடங்கால் வகுத்துக்கொள்ளலாம். 56 வோல்ட்டுக்கும் 4 ஓமுக்கும் கிட்டத்தட்ட 40 வாட் வரும். எல்எம்3886-ன் உலோக முதுகு மாடலில், உள்ளே இருக்கும் சில்லில் இருந்து முதுகு வரைக்கும் வாட்டுக்கு 1 டிகிரி ஏறும். அதற்குப் பிறகு மின்சாரம் சிங்குக்குப் போகாமல் தடுக்க நாம் வைக்கும் படலம். மைக்காவும் (மெல்லிய அபிரகத் தகடு) சூட்டைக் கடத்தும் மெல்லிய பேஸ்ட்டும் என்றால் இன்னொரு 1 டிகிரி என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். சாதாரண சிலிகான் ஷீட் டிஓ-220 என்ற சின்ன ஐசி உடம்பின் அளவில் 4, 5 டிகிரி வரை சாப்பிடும். 3886-ன் முதுகு அதைவிட அகலம் என்பதால் பாதியாகக் குறைத்து 2.5 என்று போடலாம். 40 வாட்டில் மைக்கா வைத்தால் சிங்கைவிட உள்ளே இருக்கும் சில்லு 80 டிகிரி அதிகம், ஷீட் வைத்தால் 140 டிகிரி அதிகம். இந்த ஐசி 165 டிகிரியில் தன்னைத்தானே நிறுத்தி 155-க்கு இறங்கியதும் திரும்ப ஆரம்பிக்கும். ஷீட் போட்டால் சிங்க் 25 டிகிரியில் இருக்கும்போதே கதை முடிந்தது, பெங்களூரில் ஏசி இல்லாத ரூமே 25 டிகிரிதானே! மைக்கா என்றால் சிங்க் 85 டிகிரி வரை ஏறத் தாங்கும். சாதாரணமாகப் பாட்டு கேட்கும்போது இந்த உச்சத்துக்குப் போகாது, ஆனால் ஆடி மாதம் அம்மன் கோயிலில் காலையில் இருந்து ராத்திரி வரை முழு வால்யூமில் ஓடும் செட்டைக் கட்டுகிறவர் இந்தக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, இடையில் எதையும் வைக்காமல் நேராக மாட்டினால் என்ன? 12 வோல்ட்டில் ஓடும் 4440 ஐசி போர்டு மாட்டிப் பழகியவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். சிங்கிள் சப்ளையில் (பிளஸும் கிரவுண்டும் மட்டும்) ஓடும் டிடிஏ2030 ஐசியின் முதுகு மூன்றாவது காலோடு சேர்ந்தது, அது கிரவுண்ட், அதனால் நேராகத் திருகலாம். அதே ஐசியை பிளஸ், மைனஸ் என்ற இரட்டை சப்ளையில் ஓட்டினால் அந்தக் கால் மைனஸ் வோல்டேஜ். எல்எம்1875, டிடிஏ7294, உலோக முதுகு 3886 எல்லாவற்றிலும் முதுகு மைனஸில்தான் இருக்கிறது. டப்பாவின் கிரவுண்டில் பட்டால் ஃபில்டர் கெப்பாசிட்டர் மொத்தமும் அங்கேயே கொட்டும். சிலர் ஐசியை நேராக மாட்டிவிட்டு சிங்கையே டப்பாவில் இருந்து தனித்து நிற்க வைக்கிறார்கள். சூட்டுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது, பேஸ்ட் மட்டும் என்றால் வாட்டுக்கு 0.2 டிகிரிதான். சிங்க் முழுக்க டப்பாவுக்குள்ளேயே இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. வெளியே தெரிகிற சிங்கில், குழந்தைகள் நடமாடும் வீட்டில், நான் செய்ய மாட்டேன்.

பிளாஸ்டிக் முதுகு வைத்த 3886 டிஎஃப் வாங்கினால் தொல்லை இல்லை என்பார்கள். தொல்லை இல்லைதான், ஆனால் அதில் சில்லில் இருந்து முதுகு வரைக்குமே வாட்டுக்கு 2 டிகிரி. உலோக முதுகு ஐசியும் மைக்காவும் சேர்ந்து வருகிற அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறோம். காப்புக்கான விலையை யாராவது கொடுத்தே ஆக வேண்டும்.

பேஸ்ட்டை பிரெட்டில் வெண்ணெய் தடவுகிற மாதிரி தடவுகிறார்கள். சாதாரண வெள்ளை பேஸ்ட் சூட்டைக் கடத்துவதில் அலுமினியத்தைவிட நூறு மடங்குக்கு மேல் மோசம். காற்று அதைவிட மோசம் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அது அங்கே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களை நிரப்பினால் போதும், மைக்காவின் இரண்டு பக்கமும் மெல்லிசாக. அலுமினா செராமிக் துண்டு கிடைத்தால் மைக்காவைவிட நல்லது, ஆனால் சமமில்லாமல் இறுக்கினால் விரிசல் விட்டுவிடும். பழைய டிரான்ஸ்மிட்டர் ஸ்க்ராப்பில் கழற்றிய செராமிக்கை மட்டும் தேய்ப்பதோ உடைப்பதோ வேண்டாம், அது பெரிலியம் ஆக்ஸைடாக இருக்கலாம். அந்தத் தூள் நுரையீரலுக்கு விஷம்.

இப்போது ஸ்க்ரூ. டிஓ-220 வகையில் ஓட்டை ஒரு முனையில் இருக்கிறது, சூடு பிறக்கும் இடம் அதற்குத் தள்ளிப் பிளாஸ்டிக்குக்குக் கீழே இருக்கிறது. ஸ்க்ரூவை வெறியோடு இறுக்கினால் ஓட்டைப் பக்கம் அமுங்கி, சூடான பக்கம் நூலளவு தூக்கிக்கொள்ளும், அந்த இடைவெளியில் காற்று. கீழே மெத்தென்ற ஷீட் இருந்தால் இன்னும் மோசம். அதனால் நான் சொல்வது குறுக்குப் பட்டை: ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் வளையாத அலுமினியப் பட்டை, இல்லையென்றால் சின்ன ஆங்கிள் துண்டு. அதை ஐசியின் பிளாஸ்டிக் உடம்பின் மேல் குறுக்காக வைத்து இரண்டு பக்கமும் சிங்கில் திருகிவிட்டால் அழுத்தம் நேராக சூடு பிறக்கும் இடத்திலேயே விழும். ஸ்க்ரூ ஐசியின் முதுகைத் தொடவே தொடாது என்பதால் ஸ்க்ரூவைத் தனித்து வைக்கும் பிளாஸ்டிக் புஷ்ஷும் வேண்டாம், ஷார்ட் ஆகும் இடங்களில் ஒன்று அப்படியே ஒழிந்தது. தம்பியின் செட்டில் இதைத்தான் செய்தோம், ஷீட்டை எடுத்துவிட்டு மைக்கா போட்டு, ஒரே பட்டையில் இரண்டு ஐசியையும் பிடித்தோம். இப்போது சிங்க் நன்றாகவே சுடுகிறது, பாட்டு நிற்பதில்லை. சூடு சரியான இடத்துக்கு வந்துவிட்டது என்பதால் அவனுடைய அம்மாவுக்குத்தான் பயம்.

ட்ரில் போட்டதும் ஓட்டை விளிம்பில் நிற்கும் பிசிறைப் பெரிய பிட்டால் கையாலேயே ஒரு சுற்று சுற்றி எடுத்துவிடுங்கள், மைக்காவைக் குத்துவது அதுதான். ஐசியை முதலில் சிங்கில் மாட்டி, பிறகு போர்டில் சால்டர் செய்ய வேண்டும். மாற்றிச் செய்தால் கால்கள் இழுபட்டு நாளடைவில் சால்டர் விட்டுப்போகும். அப்புறம் ஐசி முதுகும் சிங்கும் ஷார்ட் ஆகிறதா என்று மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும். கறுப்பு அனோடைஸ் செய்த சிங்கில் ப்ரோபை வைத்தால் ஷார்ட் இருந்தாலும் இல்லை என்றுதான் காட்டும், அந்தப் பூச்சே மின்சாரத்தைத் தடுக்கும். அதனால் ஒரு ஓரமாகச் சுரண்டி, பளபளக்கும் உலோகத்தில் வைத்துப் பாருங்கள். முதல் தடவை நன்றாகச் சூடாகி ஆறியதும் பேஸ்ட் கொஞ்சம் பிதுங்கி வெளியே வந்திருக்கும், பட்டை ஸ்க்ரூக்களை இன்னொரு கால் திருகு இறுக்கி, மீட்டரை மறுபடி வைத்துப் பார்த்துவிட்டு மூடியைப் போடலாம்.