ஆச்சியின் சளியை டெஸ்டுக்குக் கொடுத்த கதை

முக்கூடலில் எங்கள் ஆச்சிக்கு மூன்று வாரமாக இருமல். மஞ்சளும் பச்சையுமாகச் சளி, ராத்திரியானால் காய்ச்சல். மெடிக்கலில் கேட்டு வாங்கிய அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை ஐந்து நாள் கொடுத்தோம், கேட்கவில்லை. காலமெல்லாம் பீடி சுற்றியவள், புகையிலைத் தூசிதான் என்று இருந்துவிட்டோம். அது எங்கள் தப்பு.

பாளையங்கோட்டை டாக்டர் எக்ஸ்ரே பார்த்தார். “மூச்சு வாங்கல, ஆக்சிஜனும் நல்லாருக்கு. ரெண்டு நாள் பொறுத்து, எந்தக் கிருமின்னு பார்த்துட்டே மருந்து எழுதுதேன்” என்றார். சளி கல்ச்சர், அதாவது சளியிலுள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்ப்பது; தனியாக டிபி டெஸ்ட். மாத்திரை நிறுத்தி நாலு நாள் ஆனதையும் சீட்டில் குறித்தார். மருந்து உடம்பில் இருந்தால் கிருமி வளராமல் போகலாமாம்.

லேபிலேயே ஆச்சி டப்பாவில் துப்பிக் கொடுத்தாள். சாயங்காலம் போன் வந்தது: “இது வெறும் எச்சில், வேற கொண்டாங்க.” எனக்குக் கோபம்தான். அப்புறம் அந்த டெக்னீஷியன் அக்கா பொறுமையாகச் சொன்னார். மைக்ரோஸ்கோப்பில் ஒரு நேரத்தில் தெரியும் வட்டத்துக்குள் சீழ் செல் 25-க்கு மேலும், வாய்ச் செல் 10-க்குக் கீழும் இருந்தால்தான் அது நெஞ்சுச் சளி. எச்சிலை வளர்த்தால் வாயில் சும்மா கிடக்கும் கிருமி வளரும், அதற்கு மருந்து தின்ன வேண்டியதாகும்.

மறுநாள் விடியக்காலம், பல்செட்டைக் கழற்றி, வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வைத்தேன். திண்ணையில் உட்கார்த்தி, “ஆச்சி, மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க, இப்ப அடிவயித்துலருந்து இருமுங்க” என்று மூன்று தடவை. நாலாவது தடவை கெட்டியாக வந்தது. மூடியை இறுக்கி முதல் பஸ். இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் இருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் ரிப்போர்ட்: கிளெப்சியெல்லா என்ற கிருமி. டிபி இல்லை. மருந்துகளுக்கு எதிரே எஸ், ஆர் என்று எழுத்துகள். எஸ் என்றால் கேட்கும், ஆர் என்றால் கேட்காது. அமாக்ஸிசிலின் இந்தக் கிருமியை இயல்பிலேயே ஒன்றும் செய்யாதாம். ஐந்து நாள் மாத்திரையை நினைத்து மனசு கஷ்டமாகிவிட்டது. எஸ் போட்ட ஏழெட்டில், ஆச்சியின் கிட்னி அளவையும் பார்த்து ஒன்றை மட்டும் டாக்டர் எழுதினார். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டது.

ரிப்போர்ட்டை ஆச்சியின் ரேஷன் கார்டு உறையில் வைத்திருக்கிறேன். அடுத்து எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.