வைவாவுக்கு முன் டெசராக்டை மூலநிரலிலிருந்து நிறுவுவது

இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு ஓசிஆர் (படத்தில் உள்ள எழுத்தை உரையாக மாற்றும் நுட்பம்) எடுத்திருக்கும் தம்பி தங்கைகள் முதலில் யோசிக்க வேண்டியது, மூலநிரல் நிஜமாகவே வேண்டுமா என்பதை. தமிழ்ப் பக்கத்தை ஸ்கேன் செய்து உரையாக மாற்றினால் போதும் என்றால், உபுண்டுவில் ஆப்ட் என்ற நிறுவும் கட்டளை வழியாக டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருளையும் அதன் தமிழ்ப் பொதியையும் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடலாம். சும்மா கெத்துக்காக மூலநிரலைக் கம்பைல் செய்யாதீர்கள் (அதாவது, ஓடும் நிரலாக நீங்களே கட்டாதீர்கள்). வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அதற்கு மதிப்பெண் கிடையாது.

எங்கள் குழுவுக்கு மூலநிரல் வேண்டியிருந்தது. நாங்கள் எடுத்தவை கும்பகோணம், திருவாரூர் வட்டாரக் கோயில்களின் பழைய தலபுராணச் சிறுநூல்கள். பெரும்பாலானவை 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போடுவதற்கு முன் அச்சானவை. துதிக்கை வைத்த லை, னை, சுழித்து எழுதிய றா, ணா என்று பக்கத்துக்குப் பக்கம் வரும். யூனிகோடில் பழைய லைக்கும் புதிய லைக்கும் குறியெண்கள் ஒன்றேதான், உருவம் மட்டும் எழுத்துருவின் வேலை. டெசராக்டின் தமிழ் மாதிரியோ (எழுத்தை அடையாளம் காணப் பயிற்சி கொடுத்த தரவுக் கோப்பு) இந்தப் பழைய உருவங்களில் தடுமாறியது. தடுமாற்றம் வரி வெட்டும் இடத்திலா, எழுத்தை அடையாளம் காணும் இடத்திலா என்று பார்க்க, நிரலுக்குள் சில அச்சிடும் வரிகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. உபுண்டு 22.04 தருவது 4.1.1 பதிப்பு, எங்கள் வழிகாட்டி ஆசிரியர் கேட்டது 5. ஆக, மூலநிரல்தான் வழி.

பதிவிறக்கத்தில் தொடங்குகிறேன், ஏனென்றால் நம் ஊரில் பாதிப் பேர் போன் ஹாட்ஸ்பாட்டில்தான் வேலை செய்கிறோம். மூலநிரல் களஞ்சியத்தை நகலெடுக்கும் கிட் குளோன் பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது, முதலிலிருந்து இழுக்கும். அதனால் டெப்த் 1 (கடைசி நிலை மட்டும்) என்று கொடுத்து, வெளியீட்டுப் பதிப்பின் டேகை (பெயர்க் குறியை) மட்டும் எடுங்கள். முழு வரலாறு இப்போது தேவையில்லை, பிறகு வேண்டுமானால் இழுத்துக்கொள்ளலாம். தமிழ்த் தரவுக்காக டெஸ்டேட்டா என்ற மொழித் தரவுக் களஞ்சியத்தை முழுதாகக் குளோன் செய்தால் அன்றைய டேட்டா காலி. எல்லா மொழிகளும் அதில் இருக்கின்றன, நமக்கு வேண்டியது தமிழுக்கான ஒரே கோப்பு. அதிலும் பெஸ்ட், ஃபாஸ்ட் என்று தனித்தனிக் களஞ்சியங்கள் உண்டு. பழைய எழுத்துக்கு மேற்பயிற்சி கொடுக்கும் எண்ணம் இருந்தால் பெஸ்ட் கோப்பைத்தான் எடுக்க வேண்டும். ஃபாஸ்ட் மாதிரி முழு எண்களாகச் சுருக்கப்பட்டது, அதன்மேல் பயிற்சி நடத்த முடியாது.

அடுத்து வருவதுதான் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். ஆட்டோஜென் ஸ்கிரிப்ட் ஓடும், கம்பைலுக்கு முன் உங்கள் கணினியைச் சோதிக்கும் கான்ஃபிகர் என்ற கோப்பு உருவாகும். கான்ஃபிகரை ஓட்டினால், ஏதோ ஆயிரத்துச் சொச்சமாவது வரியில் ‘மைனஸ் எம்ஏவிஎக்ஸ்’ அருகே தொடரியல் பிழை என்று நின்றுவிடும். உடனே எல்லோரும் அந்த வரியைத் திறந்து பார்க்கிறார்கள், கமாவை எடுத்துப் பார்க்கிறார்கள், உங்கள் பிராசஸரில் ஏவிஎக்ஸ் (வேகக் கணக்குக் கட்டளைகள்) இல்லை என்று யாராவது சொல்ல அதையும் நம்புகிறார்கள். குற்றம் அங்கே இல்லை. கம்பைலர் எந்தெந்தக் கொடிகளை (விருப்பக் குறிகளை) ஏற்கும் என்று சோதிக்கும் மேக்ரோ (வேறு நிரலாக விரியும் குறும்பெயர்) ஒன்று ஆட்டோகான்ஃப் ஆர்க்கைவ் என்ற தனிப் பொதியில் இருக்கிறது. அந்தப் பொதி இல்லாவிட்டாலும் ஆட்டோஜென் குறை சொல்லாமல், மேக்ரோவின் பெயரை அப்படியே கான்ஃபிகர் கோப்பில் எழுதிவிட்டுப் போய்விடும். கட்டளைகளை ஓட்டும் ஷெல்லுக்கு அது புரியாது, திணறும். அதாவது பிழை தெரிவது கான்ஃபிகரில், பிறந்தது அதற்கு முந்தைய படியில். பொதியைப் போட்டபின் ஆட்டோஜெனையும் மறுபடி ஓட்ட வேண்டும். கான்ஃபிகரை மட்டும் திரும்ப ஓட்டினால் அதே பிழைதான் வரும்.

‘லெப்டானிக்கா 1.74 அல்லது அதற்கு மேல் தேவை’ என்ற செய்தி எளிது. படங்களைக் கையாளும் நூலகம் அது. உங்கள் கணினியில் லெப்டானிக்கா ஏற்கெனவே இருந்தும் இந்தச் செய்தி வரலாம், ஏனென்றால் கம்பைல் செய்ய ‘டெவ்’ என்று முடியும் பொதி வேண்டும். நிரலை ஓட்ட ஒரு பொதி, அதன்மேல் கட்ட இன்னொரு பொதி என்று டெபியன் குடும்பத்தில் பிரித்து வைத்திருக்கிறார்கள். இது புரிந்துவிட்டால் பின்னால் வரும் பிழைகளில் பாதியை நீங்களே தீர்ப்பீர்கள்.

கம்பைல் வேலையை நடத்தும் மேக் கட்டளையை ஓட்டும்போது இணையத்தில் பார்த்தபடி ஜே 8 (ஒரே நேரத்தில் எட்டு வேலைகள்) என்று போடாதீர்கள். அரசு முன்பு கொடுத்த பழைய லேப்டாப்பில் ரேம் குறைவு. சி பிளஸ் பிளஸ் கம்பைலர்கள் ஒரே நேரத்தில் பல ஓடினால் நினைவகம் தீர்ந்து, கெர்னல் ஒன்றைக் கொன்றுவிடும். திரையில் ‘கில்டு’ என்ற ஒரு சொல்தான் தெரியும், காரணம் தெரியாது. டிமெசேஜ் கட்டளையில் பார்த்தால் நினைவகம் தீர்ந்தது என்று எழுதியிருக்கும். ஜே 2 போதும். பேட்டரி செத்த லேப்டாப் என்றால் மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு நிறுத்தும் நாளில் கம்பைலில் உட்காராதீர்கள். நடுவில் கரண்ட் போனாலும் குளோன் மாதிரி எல்லாம் வீணாகாது, மேக் முடித்த கோப்புகளை விட்டுவிட்டுத் தொடரும். ஆனால் கடைசியாக எழுதிய கோப்பு அரைகுறையாக நின்று, இணைக்கும்போது ‘கோப்பு வெட்டுப்பட்டிருக்கிறது’ என்று சொல்லலாம். அந்த ஒன்றை மட்டும் அழித்துவிட்டு மறுபடி மேக் கொடுங்கள்.

நிறுவி முடித்ததும் பகிர்வு நூலகத்தைத் திறக்க முடியவில்லை என்று வந்தால் புதிய நூலகங்களைக் கணினிக்குத் தெரிவிக்கும் எல்டிகான்ஃபிக் கட்டளையை ஓட்ட மறந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். தரவுக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்றால் டெஸ்டேட்டா ப்ரிஃபிக்ஸ் என்ற சூழல் மாறி தமிழ்க் கோப்பு இருக்கும் அடைவைக் காட்ட வேண்டும்.

வைவாவில் எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) கேட்பது பெரும்பாலும் இரண்டு கேள்விகள். ஓடுவது எந்த டெசராக்ட்? இதில் நீங்கள் எழுதியது எது? முதலாவதற்கு, ஆப்ட் போட்டது யூஎஸ்ஆர் பின்னிலும் நீங்கள் கட்டியது யூஎஸ்ஆர் லோக்கல் பின்னிலும் ஒன்றாகக் குடியிருக்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும். குழப்பமே வேண்டாம் என்றால் பழையதை நீக்கிவிடுங்கள். இரண்டாவதற்கு, நிரலில் கைவைப்பதற்கு முன்பே தனிக் கிளை பிரித்திருந்தால் நீங்கள் மாற்றிய வரிகளைக் காட்டும் கிட் டிஃப் ஒன்றே பதில்.

லேபில் உள்ள கணினியில்தான் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டால், அதில் எந்த உபுண்டு பதிப்பு என்று முன்கூட்டியே லேப் அசிஸ்டெண்ட் அண்ணனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதே பதிப்புக்கான டெவ் பொதிகள் எல்லாம், மூலநிரல், தமிழ்த் தரவுக் கோப்பு மூன்றையும் பென் டிரைவில் எடுத்துப் போங்கள். அங்கே இணையம் கிடைக்கும் என்ற கணக்கில் போகவேண்டாம்.