ஒரு பம்பு, இரண்டு கிலோவாட் எண்கள்

மணலி, எண்ணூர், காட்டுப்பள்ளி பக்கம் ஆலை டிசைனில் இருப்பவர்களுக்குப் பழகிப்போன தகராறு இது. ஒரே பம்பு மோட்டார்: பிராசஸ் டேட்டாஷீட்டில் 37 கிலோவாட், பம்பு தரும் வெண்டரின் டிராயிங்கில் 45, எலக்ட்ரிக்கல் லோட் லிஸ்ட்டில் இன்னும் 37. எது சரி என்று மீட்டிங்கில் மோதிக்கொள்வதற்கு முன், ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்.

பிராசஸ்காரர் எஃபிஷியன்சியை உத்தேசமாக வைத்து ஷாஃப்ட் பவர், அதாவது பம்பைச் சுற்றத் தேவையான பவர், 31 என்று போட்டிருப்பார். 22 முதல் 55 கிலோவாட் வரையிலான மோட்டாருக்கு ஏ.பி.ஐ. 610 என்ற பம்பு ஸ்டாண்டர்டு கேட்கும் கூடுதல் 15 சதவீதத்தைச் சேர்த்தால் 35.65; அடுத்த ஸ்டாண்டர்டு சைஸ் 37. வெண்டர் தரும் நிஜமான பம்பு கர்வில் ஷாஃப்ட் பவர் 34 வருகிறது. 15 சதவீதம் சேர்த்தால் 39.1, ஆகவே 45. இரண்டு கணக்கிலும் பிழை இல்லை, முதலாவது காலாவதியாகிவிட்டது.

அந்தப் பழைய 37 லோட் லிஸ்ட்டில் தங்கிவிட்டால் வரும் செலவு பெரிது. 415 வோல்ட்டில் முழு லோடு கரண்ட் சுமார் 63 ஆம்பியரிலிருந்து 76க்குப் போகிறது; கேபிள், பிரேக்கர், ஓவர்லோடு ரிலே எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும். 2 போல் (இரு துருவ) மோட்டாரில் 37க்கு ஃபிரேம், அதாவது மோட்டார் உடலின் ஸ்டாண்டர்டு அளவு, 200எல், 45க்கு 225எம். கால் துளைகளின் குறுக்கு இடைவெளி 318 மில்லிமீட்டரிலிருந்து 356 ஆகிறது. பேஸ்பிளேட் அகலமானால் ஃபவுண்டேஷன் போல்ட்டும் நகரும். கான்கிரீட் போட்ட பிறகு இது தெரியவந்தால் சிவில்காரர் என்ன செய்வார்?

பொறுப்பை டாக்குமென்ட் வாரியாகப் பிரிக்காதீர்கள், ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு துறை என்று பிரியுங்கள். ஃப்ளோ, ஹெட், அடர்த்தி பிராசஸுக்கு. மோட்டார் ரேட்டிங் மெக்கானிக்கலுக்கு. கேபிள் எலக்ட்ரிக்கலுக்கு. மற்றவர்கள் அந்தத் தகவலைத் தாங்களே டைப் செய்யவே கூடாது, டேக் நம்பரை (கருவியின் அடையாள எண்ணை) வைத்து எடுத்துக்கொள்ள வேண்டும். வேறு எண் கைக்கு வந்தால் பழையதை அழிக்காமல் பக்கத்திலேயே பதியுங்கள்: மதிப்பு, அலகு, எந்த டாக்குமென்ட், எந்த ரிவிஷன், உத்தேசமா, வெண்டர் உறுதிசெய்ததா. பொறுப்பான துறை காரணத்தோடு ஏற்கும்வரை அல்லது மறுக்கும்வரை அந்த எண்ணும், அதை நம்பி நிற்கும் டிராயிங்கின் பகுதியும் ஹோல்டில், முடிவாகாமல் நிறுத்திவைத்ததாக, இருக்கட்டும். தன் எக்ஸெல்லில் மட்டும் சத்தமில்லாமல் திருத்திக்கொள்பவர்தான் இதில் மிகப் பெரிய ஆபத்து. முரண்பாடு இருந்த தடயமே போய்விடும்.

"பெரிய எண்ணை எடுத்துக்கொள்வோம், சேஃப்" என்பதையும் நான் ஏற்க மாட்டேன். டிசைன் பிரஷரை 18 பாரிலிருந்து 21க்கு ஏற்றிப் பாருங்கள்: குழாய்களை இணைக்கும் சாதாரண கார்பன் ஸ்டீல் ஃபிளாஞ்ச், கிளாஸ் 150 என்ற பிரஷர் வகையில், 38 டிகிரியிலேயே 19.6 பார்தான் தாங்கும். லைன் முழுக்க அடுத்த வகையான கிளாஸ் 300 ஆகிவிடும்.

சில முரண்பாடுகள் முரண்பாடே அல்ல. ஒருவர் ஷாஃப்ட் பவரை எழுதியிருப்பார், இன்னொருவர் மோட்டார் ரேட்டிங்கை. ஒருவர் காற்றழுத்தத்தைச் சேர்க்காத கேஜ் பிரஷர், இன்னொருவர் அதையும் சேர்த்த அப்சல்யூட். நம் கடற்கரையில் மட்டம்தான் அதிகம் குழப்பும். கடல்நீர் இன்டேக்கில் மரைன்காரர் சார்ட் டேட்டத்திலிருந்து (கடல் வரைபடத்தின் அடிப்படை மட்டம்) அளப்பார், சிவில்காரர் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து, பைப்பிங்காரரோ ஆலைத் தரையையே 100.000 மீட்டர் என்று வைத்துக்கொள்வார். முதல் இரண்டுக்கும் நடுவே மட்டுமே இங்கே அரை மீட்டருக்கு மேல் வித்தியாசம் உண்டு. மட்டம் எழுதும் ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் எந்த டேட்டம் என்று இன்னொரு கட்டம் வையுங்கள். அது காலியாக இருந்தால் எண்ணை ஏற்காதீர்கள்.