அறுபது நாள் கெடு

1988 மார்ச் 16 அன்று, ஈராக்கின் குர்து நகரமான ஹலப்ஜாவின் மீது சதாம் உசேனின் போர் விமானங்கள் கடுகு வாயுவையும் நரம்பு நச்சுகளையும் பொழிந்தன. சுமார் 5,000 பேர் மாண்டனர். கைக்குழந்தையை அணைத்தபடியே வீட்டு வாசலில் சரிந்து கிடக்கும் முதியவரின் புகைப்படத்தைப் பார்த்தவர்கள் அதை மறந்திருக்க முடியாது. அமெரிக்க அரசு அப்போது ஈராக்கைக் கண்டித்தது. ஆனால் ஈரானும் இரசாயனக் குண்டுகளைப் பயன்படுத்தியிருக்கக் கூடும் என்று அதே மூச்சில் சொல்லிப் பழியைப் பங்கிட்டது. செப்டம்பரில் செனட் ஈராக் மீது தடை விதிக்கும் ஒரு மசோதாவை நிறைவேற்றியும் அது சட்டமாகவில்லை. 1990-இல் இரு அவைகளும் நிறைவேற்றி அனுப்பிய மசோதாவுக்கு, இரசாயன ஆயுதம் பயன்படுத்தும் நாடுகள் மீது தடைகளைக் கட்டாயமாக்குவது குடியரசுத் தலைவரின் கையைக் கட்டிப்போடும் என்று காரணம் காட்டி, ஜார்ஜ் புஷ் ஒப்புதல் தர மறுத்தார். 1991-இல்தான், தடைகளிலிருந்து விலக்கு அளிக்கும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்குத் தந்து, இரசாயன, உயிரியல் ஆயுதக் கட்டுப்பாடு மற்றும் போர் ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

இந்தச் சட்டத்தின் வாசகத்தை அண்மையில் முழுவதுமாகப் படித்தேன். வெளிநாட்டுக் கொடுங்கோலர்களை அச்சுறுத்துவதற்காக எழுதப்பட்டது என்றே அதைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. படிக்கப் படிக்க எனக்கு வேறொன்று புலப்பட்டது: இது முதலில் கட்டுவது அமெரிக்கக் குடியரசுத் தலைவரைத்தான். ஓர் அரசு இத்தகைய ஆயுதத்தைப் பயன்படுத்தியதா என்று நாடாளுமன்றத்தின் வெளியுறவுக் குழு கேட்டால், 60 நாட்களுக்குள் அவர் பதில் சொல்லியாக வேண்டும். ஆம் என்றால், மனிதாபிமான உதவியும் உணவும் நீங்கலாக மற்ற உதவிகளும், ஆயுத விற்பனையும், அரசுக் கடன்களும், தேசப் பாதுகாப்பைத் தொடும் பொருட்கள், தொழில்நுட்பங்களின் ஏற்றுமதியும் உடனே நிற்க வேண்டும். மூன்று மாதங்களுக்குள் அந்த அரசு ஆயுதத்தைப் பயன்படுத்துவதை நிறுத்தி, இனிப் பயன்படுத்துவதில்லை என்று நம்பத்தகுந்த உறுதி தந்து, நடுநிலைப் பார்வையாளர்களின் நேரடி ஆய்வுக்கும் இணங்க வேண்டும். இல்லையேல் வங்கிக் கடன் தடை, இறக்குமதித் தடை, தூதரக உறவைக் குறைத்தல், அரசு விமான நிறுவனத்தின் தரையிறங்கும் உரிமையை நிறுத்துதல் உள்ளிட்ட ஆறு தடைகளில் மூன்றையேனும் விதிக்க வேண்டும். ஹலப்ஜாவுக்குப் பின் நிகழ்ந்ததைப் போன்ற மழுப்பலுக்கு இடம் தரக்கூடாது என்பதே இந்தக் கெடுக்களின் நோக்கம் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

என் மனத்தைத் தொட்ட பகுதி இன்னொன்று. தடைகள் குறைந்தது 12 மாதம் நீடிக்க வேண்டும். அதற்குப் பிறகு அவற்றை நீக்குவதற்கான நிபந்தனைகளுள், நச்சால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்த அரசு இழப்பீடு வழங்கிவர வேண்டும் என்பதும் ஒன்று. நாடுகளுக்கிடையிலான கணக்குவழக்குகள் நிறைந்த ஒரு சட்டத்தில், நுரையீரல் வெந்து பல ஆண்டுகள் இருமிக்கொண்டே வாழும் மனிதர்களுக்கென்று ஒரு வரி எழுதியவர் யாராக இருந்தாலும் வணங்கத் தக்கவர்.

நச்சைச் செய்ய உதவும் நிறுவனங்களுக்கும் சட்டத்தில் தண்டனை உண்டு; அதற்குத் தக்க காரணமும் உண்டு. பேனா மை தயாரிப்பில் பயன்படும் தயோடைகிளைக்கால் என்ற திரவமே கடுகு வாயுவுக்கும் மூலப்பொருள். அந்தத் திரவத்தை ஈராக்குக்கு விற்ற நெதர்லாந்து வணிகர் பிரான்ஸ் வான் அன்ராட், போர்க்குற்றத்துக்கு உடந்தையாக இருந்ததற்காக 2005-இல் தண்டிக்கப்பட்டார். ஹலப்ஜாவுக்கும் அந்தத் தீர்ப்புக்கும் இடையில் 17 ஆண்டுகள் ஓடியிருந்தன.

கெடு எழுதிவைத்தால் மட்டும் போதாது என்பதைச் சாலிஸ்பரி காட்டியது. 2018 மார்ச் 4 அன்று அந்த ஆங்கிலேய நகரில், முன்னாள் ரஷ்ய உளவு அதிகாரி செர்கெய் ஸ்கிரிபாலும் அவருடைய மகளும் நோவிசோக் நச்சால் நினைவிழந்து ஒரு பெஞ்சில் கிடந்தனர். இருவரும் பிழைத்தனர். சில மாதங்கள் கழித்து, நச்சு அடைக்கப்பட்டிருந்த போலி வாசனைத் திரவியப் புட்டி ஒன்று அருகிலுள்ள ஊரில் ஒரு பெண்ணின் கைக்கு வந்தது. அவர் அதை மணிக்கட்டில் தெளித்துக்கொண்டார். ஜூலை 8 அன்று இறந்தார். அமெரிக்க நாடாளுமன்றக் குழு மார்ச்சிலேயே கேள்வி எழுப்பியிருந்தும், ரஷ்யாவே பொறுப்பு என்ற அமெரிக்க அரசின் முறையான முடிவு ஆகஸ்டில்தான் வந்தது. நவம்பரில் வர வேண்டிய இரண்டாம் கட்டத் தடைகள் 2019 ஆகஸ்ட் வரை தள்ளிப்போயின. சட்டம் கொடுத்த மூன்று மாதம் ஓராண்டாக நீண்டது. தாமதித்த அமெரிக்க அரசை யாரும் தண்டிக்க முடியவில்லை. 2020 ஆகஸ்டில் ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் அலெக்ஸி நவால்னி அதே வகை நச்சால் விமானத்தில் சுருண்டு விழுந்தபோது, முந்தைய தடைகள் எவரையும் தயங்கவைக்கவில்லை என்பது தெளிவாயிற்று.

ஏற்கெனவே தடைகளில் மூழ்கியிருக்கும் நாடுகளிடம் இந்தச் சட்டத்துக்குப் பலம் இன்னும் குறைவு. சிரியா 1979 முதலே பயங்கரவாதத்துக்கு ஆதரவளிக்கும் நாடுகளின் பட்டியலில் இருந்ததால், அது இரசாயன ஆயுதம் பயன்படுத்தியது என்று 2013-இல் முடிவானபோது இச்சட்டத்தின்கீழ் புதிதாக வெட்டுவதற்கு அங்கே பெரிதாக எதுவும் மீந்திருக்கவில்லை. கோலாலம்பூர் விமான நிலையத்தில் வடகொரியத் தலைவரின் ஒன்றுவிட்ட சகோதரர் கிம் ஜோங் நாமின் முகத்தில் விஎக்ஸ் என்ற நரம்பு நச்சு பூசப்பட்ட பின் வடகொரியாவின் மீது விதிக்கப்பட்டவையும் அப்படியே. ஆனாலும், ஓர் அரசு இன்ன குற்றத்தைச் செய்தது என்று மற்றோர் அரசு கையெழுத்திட்டு அறிவிப்பதை நான் அற்பமாக நினைக்கவில்லை. அந்த அறிவிப்புதான் ஹலப்ஜாவின் மக்களுக்கு அன்று கிடைக்காமல் போனது.

அதனாலேயே சூடான் விவகாரம் என்னை உறுத்துகிறது. 2024-இல் சூடான் அரசு இரசாயன ஆயுதம் பயன்படுத்தியது என்று அமெரிக்கா 2025 மே மாதம் அறிவித்தது. ஜூன் 27 அன்று தடைகள் நடைமுறைக்கு வந்தன. சூடான் மறுத்தது. எந்த ஊரில், எந்த நாளில், எந்த நச்சு என்பது எதுவும் அந்த அறிவிப்பில் இல்லை. சாலிஸ்பரியிலும் நவால்னி விவகாரத்திலும் தி ஹேக் நகரிலுள்ள இரசாயன ஆயுதத் தடை அமைப்பு நியமித்த ஆய்வகங்கள் மாதிரிகளைப் பரிசோதித்து நச்சின் வகையை உறுதிசெய்தன. அதனால் மறுப்புகள் எடுபடவில்லை. கெடு வைக்கத் தெரிந்த இந்தச் சட்டத்தில், சான்றை வெளியிட வேண்டும் என்ற ஒரு பிரிவையும் சேர்த்தாக வேண்டும். தங்கள் தெருவில் என்ன விழுந்தது என்று சூடான் மக்கள் தெரிந்துகொள்வதற்கும், இழப்பீடு கேட்டு ஒருநாள் வழக்குத் தொடுப்பதற்கும் அந்த விவரம்தான் வேண்டும்.