தோற்ற தரப்பின் கையெழுத்து

வாக்கு எண்ணும் மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு, மாநிலத்தில் யார் ஆட்சி அமைக்கப்போகிறார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் தெரியவரும். கைப்பேசியை வாயிலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அரங்குக்குள் தொலைக்காட்சி கிடையாது. வெளியே தேநீர்க் கடையில் 234 தொகுதிகளின் முன்னணி நிலவரமும் அலசப்பட்டுக்கொண்டிருக்கும்போது, உள்ளே இருப்பவர் ஏதோ ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் பதிவான வாக்குகளைக் கருவியிலிருந்து படித்துத் தாளில் எழுதிக்கொண்டிருப்பார். கடலூர் மாவட்டத்தில் வருவாய்த் துறையில் பணியாற்றிய காலத்தில், சட்டமன்றத் தேர்தல்களின்போது மேசை மேற்பார்வையாளராகவும், பின்னாளில் சுற்று முடிவுகளைத் தொகுக்கும் மேசையிலும் இருந்திருக்கிறேன். அந்த வேலையில் எனக்குப் பிடிபட்ட ஒரு விஷயம், முடிவுத் தாள்கள் எதுவும் வென்றவருக்காக எழுதப்படுவதில்லை என்பது. வென்றவர் எதையும் சரிபார்க்க மாட்டார், மாலையை வாங்கிக்கொண்டு போய்விடுவார். தோற்கும் தரப்பின் முகவர் வரிவரியாகப் பார்த்து, மறுத்துச் சொல்ல ஒன்றும் இல்லாமல் கையெழுத்துப் போட வேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை படிவங்களும் இருக்கின்றன.

எண்ணிக்கை நாளன்று விடியற்காலையில்தான் யாருக்கு எந்த மேசை என்று கணினிக் குலுக்கலில் தெரியும். எட்டு மணிக்குத் தபால் வாக்குகளைப் பிரிக்கத் தொடங்குவார்கள், எட்டரைக்குக் கருவிகள் வரும். பெரும்பாலும் 14 மேசைகள்; 280 சாவடிகள் உள்ள தொகுதி என்றால் 20 சுற்றுகள். மேசைக்கு ஒரு மேற்பார்வையாளர், ஓர் உதவியாளர், ஒரு நுண் பார்வையாளர். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வேட்பாளர்களின் முகவர்கள்.

கட்டுப்பாட்டுக் கருவி மேசைக்கு வந்ததும் முதலில் அதன் எண்ணையும் முத்திரைகளின் எண்களையும், கூடவே வந்திருக்கும் 17சி படிவத்தோடு, அதாவது அந்தச் சாவடியில் பதிவான வாக்குகளின் கணக்குத் தாளோடு, ஒப்பிட வேண்டும். அந்தப் படிவத்தின் முதற்பகுதி, வாக்குப்பதிவு முடிந்த மாலையிலேயே சாவடியின் தலைமை அலுவலர் நிரப்பியது. அதன் நகல் அன்றைக்கே முகவர்களிடம் கொடுக்கப்பட்டிருக்கும். கருவியில் மொத்த வாக்குகளுக்கான பொத்தானை அழுத்தினால் வரும் எண்ணும், அந்தத் தாளில் உள்ள எண்ணும், வலைக்கு அப்பால் நிற்பவர் சட்டைப்பையிலிருந்து எடுக்கும் மடித்த நகலில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அதன் பிறகுதான் பச்சைத் தாள் முத்திரையைக் கிழித்து முடிவுக்கான பொத்தானை அழுத்துவோம். கருவியைத் தூக்கி, திரை வலைப் பக்கம் தெரியும்படி பிடித்துக்கொள்ள வேண்டும். வேட்பாளர் 1, அவருக்கு இத்தனை. வேட்பாளர் 2, அவருக்கு இத்தனை என்று எண்கள் வந்துபோகும். கடைசியில் நோட்டா. வேட்பாளர் பட்டியல் நீளமாக இருக்கும் தொகுதிகளில், இருபதாவது சுற்றில் கருவியைத் தூக்கும்போது தோள்பட்டை தனியாகப் பேச ஆரம்பித்துவிடும்.

ஒரு தேர்தலில் என் மேசைக்கு எதிரே ஒரு கட்சியின் முகவராக வயதான ஒருவர் நின்றிருந்தார். பள்ளிக்கூட நீள நோட்டில் முதல் நாளே கட்டம் போட்டு, சாவடி எண்களை வரிசையாக எழுதி வைத்திருந்தார். பத்துச் சுற்று முடிவதற்குள் அவருடைய வேட்பாளர் தோற்கிறார் என்பது தெளிவாகிவிட்டது. எதிர்த்தரப்பு முகவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு வாசலைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். இவர் மட்டும் எழுதிக்கொண்டே இருந்தார். “சார், நாலாம் நம்பரை இன்னொரு வாட்டி காட்டுங்க” என்றார் ஒருமுறை. மறுபடியும் பொத்தானை அழுத்திக் காட்டினேன். அதே எண்தான். தலையை ஆட்டிவிட்டு, 17சியின் இரண்டாம் பகுதியில் எல்லா எண்களையும் விரலால் தொட்டுப் படித்துக் கையெழுத்திட்டார். அன்றைக்கு அந்த அரங்கில் என் வேலையை உண்மையில் தணிக்கை செய்தவர் அவர்தான் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. மேற்பார்வைக்கு மேல் மேற்பார்வை இருக்கத்தான் செய்கிறது. தேர்தல் ஆணையம் அனுப்பும் பார்வையாளர் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு கருவிகளைத் தற்செயலாகத் தெரிவு செய்து தனியே ஒப்பிட்டுப் பார்ப்பார். ஆனால் சம்பளத்துக்குச் சரிபார்ப்பவரின் கண் ஒரு மாதிரி, தோற்றுக்கொண்டிருப்பவரின் கண் வேறு மாதிரி.

அந்தக் கண் எவ்வளவு தேவை என்பதை எங்கள் மாவட்டத்துக்குக் கற்றுக்கொடுத்தது 2016. மே 19 அன்று காட்டுமன்னார்கோயில் தொகுதியில் அ.தி.மு.க.வின் முருகுமாறன் 48,450 வாக்குகளும், விடுதலைச் சிறுத்தைகள் கட்சித் தலைவர் திருமாவளவன் 48,363 வாக்குகளும் பெற்றார்கள். வித்தியாசம் 87. ஒரு சாவடியின் கால்வாசி வரிசை கலைந்து வீட்டுக்குப் போயிருந்தால் மாறியிருக்கக்கூடிய முடிவு. மாநிலத்தில் யார் ஆட்சி என்ற கணக்கில் அந்த ஒரு தொகுதியால் எதுவும் மாறப்போவதில்லைதான். ஆனால் மேசையில் இருப்பவருக்கு மாநிலக் கணக்கு என்று ஒன்று கிடையாது. 2021-இலும் இதே மாவட்டத்தில் விருத்தாசலத்தில் 862, நெய்வேலியில் 977 என்ற வித்தியாசங்களில்தான் முடிவு நின்றது. லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களிக்கும் தொகுதியில் ஆயிரத்துக்குக் குறைவான வித்தியாசம் என்றால், ஒரே ஒரு படிவத்தில் 3 என்பதை 8 என்று படித்தால்கூட அது நீதிமன்றம் வரை போகும்.

தபால் வாக்கு மேசையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சண்டை வருவது பெரும்பாலும் அங்கேதான். கருவிக்கு முகம் கிடையாது. தபால் வாக்குக்கு உறை உண்டு, உறுதிமொழி உண்டு, சான்றொப்பம் உண்டு. வாக்காளர் கையெழுத்திட்டு இணைக்க வேண்டிய 13ஏ உறுதிமொழி இல்லை என்றாலோ அதில் சான்றொப்பம் சரியில்லை என்றாலோ, உள்ளுறையைத் திறக்காமலேயே நிராகரிக்க வேண்டும். உள்ளே யாருக்கு வாக்கு என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு உறை ஒதுக்கப்படும்போதும் இரண்டு பக்கமும் குரல் உயரும். 2016-இல் ராதாபுரத்தில் 49 வாக்கு வித்தியாசத்தில் முடிவு அறிவிக்கப்பட்டது. பள்ளித் தலைமை ஆசிரியரிடம் சான்றொப்பம் பெற்றிருந்த 203 தபால் வாக்குகள் நிராகரிக்கப்பட்டது சரியா என்பது வழக்காகி, தபால் வாக்குகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மீண்டும் எண்ணும்படி 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. வாக்களித்தவர்கள் தேர்தல் பணியில் இருந்த அரசு ஊழியர்கள் என்பதும், தகராறு அவர்களுடைய வாக்கைப் பற்றியது என்பதும் எங்கள் அலுவலகத்தில் அப்போது நிறையப் பேசப்பட்டது. நிராகரிக்கப்பட்ட தபால் வாக்குகளின் எண்ணிக்கையைவிட வெற்றி வித்தியாசம் குறைவாக இருந்தால், அவற்றை எல்லாம் மீண்டும் ஆராய்ந்த பிறகே முடிவை அறிவிக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. தோற்றவரை மனத்தில் வைத்து எழுதிய விதி என்று அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், வாக்களிக்கும்போது கருவியோடு இணைந்த பெட்டியில் அச்சாகி விழும் ஒப்புகைச் சீட்டுகள் எல்லாவற்றையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. ஆனால் இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர்கள் முடிவு வந்த ஏழு நாளுக்குள் எழுத்துமூலம் கேட்டால், தொகுதியின் 5 விழுக்காட்டுக் கருவிகளின் நினைவகத்தைப் பொறியாளர்களைக் கொண்டு சோதிக்கலாம் என்றது. அதுவும் இதே வகைதான்.

2021 மே 2 வேறு மாதிரியான நாள். பெருந்தொற்றின் காரணமாக ஒரு சாவடிக்கு ஆயிரம் வாக்காளர் என்று வரம்பு வைத்து, துணைச் சாவடிகளைப் பிரித்திருந்தார்கள். கருவிகள் கூடின, சுற்றுகள் கூடின. பரிசோதனையில் தொற்று இல்லை என்ற சான்றோ இரண்டு தவணைத் தடுப்பூசிச் சான்றோ இல்லாத முகவரை உள்ளே விடவில்லை. முகக்கவசத்துக்கு மேல் ஒரு கண்ணாடித் தகடு; அதன் வழியே கருவியின் சிறிய சிவப்பு எண்களைப் படிக்க வேண்டும். மதியத்துக்குள் தி.மு.க. ஆட்சி அமைக்கிறது என்பது வெளியே உறுதியாகிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். அக்கட்சி மட்டும் 133 இடங்களைப் பிடித்திருந்தது. நாங்கள் அப்போது பாதிச் சுற்றுகளைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.

தென்பெண்ணையைத் தாண்டினால் புதுச்சேரி எல்லை வந்துவிடும். அங்கே கதை வேறு. முப்பது தொகுதிகளுக்கும் சேர்த்து 2021-இல் சுமார் பத்து லட்சம் வாக்காளர்கள்தான்; சராசரியாக ஒரு தொகுதிக்கு முப்பத்து மூவாயிரம். நம் பக்கத்து ஒரு தொகுதியில் அவர்களுடைய ஆறு ஏழு தொகுதிகள் அடங்கிவிடும். பாகூரில் உள்ள என் உறவினர் ஒருவர், “உங்க ஊர்ல எம்.எல்.ஏ.வைப் பாக்கணும்னா மனு எழுதணும், எங்க ஊர்ல டீக்கடைக்குப் போனா போதும்” என்பார். அந்த நெருக்கம் எண்ணிக்கையிலும் தெரியும். 2021-இல் என்.ஆர். காங்கிரஸ் 10, பா.ஜ.க. 6, தி.மு.க. 6, காங்கிரஸ் 2, சுயேச்சைகள் 6 என்று முடிவு வந்தது. முதலமைச்சரான ரங்கசாமி தட்டாஞ்சாவடியில் வென்று, ஏனாமில் ஒரு சுயேச்சை வேட்பாளரிடம் 655 வாக்குகளில் தோற்றார். முப்பதில் ஆறு பேர் சுயேச்சைகள் என்பது கடலூரில் நினைத்தும் பார்க்க முடியாதது. தெருவுக்குத் தெரு முகம் தெரிந்த ஊரில்தான் அது நடக்கும். அங்கே வாக்கு எண்ணும் பணியில் இருந்த நண்பர்களிடம் பேசியதில், முகவர்கள் எண்ணைக் கேட்ட மாத்திரத்தில் அது எந்தத் தெரு, எந்தக் குடும்பம் என்று சொல்லிவிடுவார்கள் என்று தெரிந்துகொண்டேன்.

இந்த இடத்தில்தான் எனக்கு நெடுநாள் உறுத்தல் ஒன்று இருக்கிறது. தோற்றவரின் நம்பிக்கையைச் சம்பாதித்துத் தருவது எதுவோ, அதுவே வாக்களித்த தெருவைக் காட்டிக்கொடுக்கவும் செய்கிறது. சாவடி வாரியாக எண்ணி, சாவடி வாரியாக எழுதி, சாவடி வாரியாகக் கையெழுத்து வாங்குவதால்தான் முடிவு நிற்கிறது. எல்லாம் முடிந்து படிவம் 20-இல் ஒவ்வொரு சாவடியிலும் ஒவ்வொரு வேட்பாளரும் பெற்ற வாக்குகள் பதியப்படுகின்றன. அது யாரும் பார்க்கக்கூடிய ஆவணம். நகரத்தில் அதனால் பெரிய பாதகம் இல்லை. நம் கிராமங்களில் ஒரு சாவடி என்பது பல நேரங்களில் இரண்டு தெருக்கள், அதிலும் பெரும்பாலும் ஒரே சாதியினர் வாழும் தெருக்கள். தனி மனிதரின் வாக்கு ரகசியம். தெருவின் வாக்கு ரகசியமில்லை.

முடிவு வந்த சில வாரங்களில் வட்டாட்சியர் அலுவலகத்துக்குக் கட்சிக்காரர்கள் படிவம் 20-க்கு வருவார்கள். எண்கள் அவர்களுக்கு ஏற்கெனவே மனப்பாடம். தன் சாவடியில் கட்சி முன்னிலை பெற்றதை மேலே காட்டுவதற்குச் சிலருக்கு முத்திரையிட்ட நகல் வேண்டும். அடுத்தவர் சாவடியில் சறுக்கியதைக் காட்டுவதற்குச் சிலருக்கு வேண்டும். இது கட்சி உள்விவகாரம், இருக்கட்டும். ஆனால் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் தெருவிளக்குக்காக மனுவோடு வந்த ஓர் அம்மாள், “நாங்க யாருக்குப் போட்டோம்னு கணக்கு வச்சிருக்காங்க சார், அதான் எங்க தெருவுக்கு மட்டும் வரமாட்டேங்குது” என்று சொன்னபோது என்னால் உடனே மறுக்க முடியவில்லை. விளக்கு வராததற்கு அதுதான் காரணமா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் கணக்கு இருக்கிறது என்பது உண்மை. அதை எழுதுகிற மேசைகளில் நானும் இருந்திருக்கிறேன்.

வாக்குச்சீட்டுக் காலத்தில், தேவைப்பட்ட இடங்களில் பல பெட்டிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண வழி இருந்தது. தமிழ்நாடு முழுவதும் கருவிக்கு மாறியது 2001 சட்டமன்றத் தேர்தலில். அதோடு அந்தக் கலப்பு போயிற்று. பதினான்கு சாவடிகளின் கருவிகளை இணைத்து மொத்தத்தை மட்டும் காட்டும் கூட்டுக் கருவி ஒன்றைப் பயன்படுத்தலாம் என்று தேர்தல் ஆணையம் 2008-இலேயே முன்மொழிந்தது. 2015-இல் சட்ட ஆணையம் தன் 255-ஆவது அறிக்கையில் அதைப் பரிந்துரைத்தது. நடைமுறைக்கு வரவில்லை. இதற்கிடையில் சாவடிகள் சிறிதாகிக்கொண்டிருக்கின்றன: 1,500 வாக்காளர் என்று இருந்த வரம்பை 2025-இல் ஆணையம் 1,200 ஆகக் குறைத்தது. வரிசை குறையும், முதியவர்களுக்கு நடை குறையும், நல்லதுதான். ஆனால் இரண்டு தெருக்களின் கணக்கு ஒரு தெருவின் கணக்காகும் என்பதை யாரும் சேர்த்துப் பேசியதாக நான் கேட்டதில்லை.

கூட்டுக் கருவி வரட்டும் என்று சொல்ல எனக்கும் தயக்கம் இருக்கிறது. பதினான்கு கருவிகளின் மொத்தம் ஒன்றாகத் திரையில் வந்தால், அந்த நீள நோட்டுக்காரர் எந்தச் சாவடியின் நகலை எதோடு ஒப்பிடுவார்? பதிவான மொத்த வாக்குகள் சரியாக இருக்கின்றன என்று பார்க்கலாம். தன் ஊர்க் கருவியில் தன் வேட்பாளருக்கு விழுந்தது எவ்வளவு என்று தெரியாமலேயே தோல்வியை ஏற்கச் சொல்ல வேண்டியிருக்கும். கருவியின் மீதே சந்தேகம் எழுப்பப்படும் இந்நாளில் அது நடக்கிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை. சாவடி வாரியாக எண்ணிவிட்டு, படிவம் 20-ஐ மட்டும் தொகுத்து வெளியிடலாம் என்று ஒருமுறை பயிற்சி வகுப்பில் நான் சொன்னபோது, பக்கத்தில் இருந்த மூத்த அலுவலர் சிரித்தார்: “முகவர் நோட்டை என்ன பண்ணுவீங்க?” சரிதான். வலைக்கு அப்பால் நின்று எழுதுபவரைத் தடுக்க முடியாது. தடுத்தால் அவர் கையெழுத்துப் போடமாட்டார், போடவும் கூடாது.